மெம்ஃபிஸ் கிட் வாங்கிட்டா மெம்ஃபிஸ் சவுண்ட் வந்துருமா?

கேள்வி: வீட்ல லேப்டாப்ல ஹிப் ஹாப் பீட் போடுறேன். அமெரிக்காவுல இருக்கற மெம்ஃபிஸ் ஊர் ராப் ஸ்டைல்ல பண்ணணும்னு ஆசைப்பட்டு கவ்பெல் (மாட்டு மணி மாதிரி தாள ஒலி), டேப் இரைச்சல், இருட்டான பியானோ எல்லாம் இருக்கற ட்ரம் கிட், அதாவது ரெடிமேட் ஒலி ஃபைல்களோட தொகுப்பு ஒண்ணு வாங்கினேன். கேட்டவங்க எல்லாரும் "நல்லாருக்கு, ஆனா இதே மாதிரி யூட்யூப்ல ஆயிரம் இருக்கே"ன்னு சொல்றாங்க. என் ஃப்ரெண்டு ஒருத்தன் "அந்த ஊர்ல பிறக்காதவன் அந்த ஊர் சவுண்டைத் தொடக்கூடாது, அது போலி"ங்கறான். இன்டர்நெட் வந்ததுக்கு அப்புறம் ஊர் சவுண்டுன்னு ஒண்ணு இன்னும் இருக்கா? நான் என்ன பண்ணட்டும்?
— பெயர் வேண்டாம்னு கேட்டுக்கிட்ட வாசகர்

பதில்:

தம்பி, உங்க ஃப்ரெண்டு சொன்னதைப் பத்தி அப்புறம் பேசறேன், முதல்ல நீங்க வாங்கின கிட்டைப் பத்திப் பேசிடலாம், ஏன்னா சிக்கலே அங்கதான் இருக்கு. கவ்பெல், இரைச்சல், இருட்டு பியானோ, இதெல்லாம் மெம்ஃபிஸ்ல ஒவ்வொரு காரணத்தோட வந்தது. கிட்ல சத்தம் மட்டும்தான் வரும், காரணம் வராது.

90-களோட ஆரம்பத்துல மெம்ஃபிஸ்ல டிஜே ஸ்பானிஷ் ஃப்ளை, டிஜே ஸ்க்வீக்கி, அப்புறம் டிஜே பால், ஜூசி ஜே இவங்கள்லாம் வேலை பார்த்த விதத்தை யோசிச்சுப் பாருங்க. பெரிய லேபிள் எதுவும் அந்த ஊரைத் திரும்பிக்கூடப் பார்க்கல, அதனால வீட்லயே நாலு ட்ராக் கேசட் ரெக்கார்டர் வச்சு பதிவு பண்ணி, கேசட்டைக் காப்பி போட்டு, அந்தக் காப்பிய இன்னொருத்தர் காப்பி போட்டுன்னு கைக்குக் கை போச்சு. இரைச்சல் அப்படி ஏறினதுதான், அழகுக்காக யாரும் சேர்க்கல. சொல்லப்போனா முடிஞ்சா அதை எடுத்துடணும்னுதான் நினைச்சிருப்பாங்க. கவ்பெல்லுக்கும் கதை இருக்கு. கைல இருந்தது ட்ரம் மெஷின், அதுல இருந்த தாள ஒலியவே மெலடி மாதிரி வாசிச்சாங்க, அது க்ளப்ல கூட்டமா வட்டம் கட்டி ஆடுற கேங்ஸ்டா வாக் ஆட்டத்துக்குக் கச்சிதமா இருந்துச்சு, அதனால நிலைச்சுது. இப்ப நீங்க சுத்தமா பதிவு பண்ண ஒரு பீட்டு மேல இரைச்சல் ஃபைலை ஒரு லேயரா போடுறீங்க, அந்த ஆட்டம் மனசுல இல்ல, அப்ப அது அந்த ஊர் சவுண்டோட போட்டோவா மட்டும்தான் இருக்கும். கேட்டவங்க ஆயிரம் இருக்குன்னு சொன்னது அதனாலதான்.

ஊர் சவுண்டுங்கறது மண்ணுல இருந்து தானா முளைக்கறதுன்னு நிறைய பேர் நம்பறாங்க. நான் நம்பல. ஒவ்வொரு ஊருக்கும் மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. என்ன மெஷின் கைல கிடைச்சுது, எங்க வச்சு கேட்டாங்க, யார் அதைச் சுமந்துட்டுப் போய் வித்தாங்க. இந்த மூணும் தெரிஞ்சா பாதிக்கு மேல புரிஞ்சுடும்.

நியூயார்க் எடுத்துக்கோங்க. 1973 ஆகஸ்ட் 11 பிராங்க்ஸ்ல 1520 செட்ஜ்விக் அவென்யூல கூல் ஹெர்க் வாசிச்ச பார்ட்டில இருந்துதான் கதைய ஆரம்பிப்பாங்க, அவரோட தங்கச்சி சிண்டி கேம்ப்பெல் ஏற்பாடு பண்ணது அது. பாட்டுல ட்ரம்ஸ் மட்டும் வர்ற இடத்துலதான் ஆடுறவங்க துள்ளுறாங்கன்னு பார்த்து, ஒரே ரெக்கார்டுல ரெண்டு காப்பி வச்சு அந்த இடத்தையே நீட்டினார். ஆக அங்க ஆரம்பமே பழைய ரெக்கார்டும் ட்ரம்ஸும்தான். பின்னாடி 1987-ல ஈ-மியூ எஸ்பி-1200ன்னு ஒரு மெஷின் வந்துச்சு. மொத்தமே சுமார் 10 விநாடி சாம்பிள்தான் (பழைய ரெக்கார்டுல இருந்து வெட்டி எடுக்கற துண்டு) பிடிக்கும், அதுவும் 12 பிட்ங்கற குறைஞ்ச தரத்துல. என்ன பண்ணுவாங்க? நிமிஷத்துக்கு 33 சுத்து வேகத்துல ஓட வேண்டிய ரெக்கார்டை 45-ல வேகமா ஓட்டி உள்ள ஏத்தி, மெஷினுக்குள்ள மறுபடி மெதுவாக்குவாங்க. இடம் மிச்சம் பிடிக்கறதுக்குப் பண்ண வேலை, ஆனா மெதுவாக்கும்போது ஒரு கரகரப்பு ஒட்டிக்கிச்சு பாருங்க, அந்தக் கரகரப்புதான் 90-கள் நியூயார்க் ட்ரம்ஸோட முகமே. கேட்டது எதுல? நடந்து போறப்ப, ட்ரெயின்ல, காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு. அதனால ஸ்நேர் (பளிச்சுனு அறையற ட்ரம்) முன்னாடி வந்து அறையும், வார்த்தை ஒவ்வொண்ணும் தெளிவா விழும்.

லாஸ் ஏஞ்சலஸ்ல மூணுக்கும் வேற பதில். அங்க கார்தான் வாழ்க்கை, லோரைடர்ல (தாழ இறக்கி அலங்கரிச்ச கார்) மெதுவா உருண்டு போறப்ப கேட்கறது. 1992 டிசம்பர்ல வந்த டாக்டர் ட்ரேவோட 'தி க்ரானிக்' ஆல்பத்தை ஒரு தடவை அந்தக் காதோட கேளுங்க. பேஸ் அகலமா விரிஞ்சிருக்கும், மேல மூக் சின்தசைஸர்ல மெல்லிசா ஒரு விசில் மாதிரி லீட் ஓடும், நடுவுல நிறைய இடம் காலியா விட்டிருப்பார். பார்லிமென்ட்-ஃபங்கடெலிக்ங்கற பழைய ஃபங்க் குழுவோட பாட்டுகளை அப்படியே வெட்டி ஒட்டறதோட நிக்காம, காலின் வுல்ஃப் மாதிரி வாசிக்கிற ஆட்களை வச்சு நிறைய இடத்துல திரும்ப வாசிக்க வச்சார். அந்தச் சமயம் சட்டமும் மாறிக்கிட்டு இருந்துச்சு, 1991 டிசம்பர்ல ராப்பர் பிஸ் மார்க்கி மேல நடந்த வழக்குல அனுமதி வாங்காத சாம்பிளுக்கு எதிரா தீர்ப்பு வந்து, அதுக்கப்புறம் ஒரு சாம்பிள் போடணும்னாலே வக்கீலும் பணமும் வேணும்ங்கற நிலைமை. சவுண்ட்ல கோர்ட்டுக்கும் பங்கு இருக்குன்னு சொல்லத்தான் இதைச் சொல்றேன், பீட் போடுற பசங்க யாரும் இதைப் பேசறதே இல்ல.

மயாமி ஊரோட பேஸ் இசை பத்தி நீளமா சொல்ல வேண்டியதில்ல. ரோலண்ட் டிஆர்-808 1980-ல வந்து 83-லயே நின்னு போன ட்ரம் மெஷின், சுமார் 12,000 தான் செஞ்சாங்க, செகண்ட் ஹேண்ட்ல மலிவாக் கிடைச்சுது. அதோட கிக்கை நீட்டி விட்டா கார் டிக்கில இருக்கற ஸ்பீக்கர் அதிரும். மயாமி அதைப் பிடிச்சுக்கிச்சு, அவ்வளவுதான்.

ஹியூஸ்டன் கிட்ட கொஞ்சம் நிக்கணும், எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமான சவுண்ட் அது. டிஜே ஸ்க்ரூ, சொந்தப் பேர் ராபர்ட் ஏர்ல் டேவிஸ் ஜூனியர். ஒரே ரெக்கார்டுல ரெண்டு காப்பிய ஒரு பீட் தள்ளி ஓட விட்டு, நடுவுல இங்கயும் அங்கயும் மாறி மாறி வெட்டி, மொத்தத்தையும் டேப்ல மெதுவாக்கி இறக்குவார். குரல் ஒரு ஆழத்துக்குப் போயிடும், ஒவ்வொரு வார்த்தையும் மெல்ல மெல்ல உருகற மாதிரி கேட்கும். இதைச் சும்மா ஒரு எஃபெக்ட்னு நினைக்காதீங்க தம்பி. ஊர் ஆளுங்க தங்களுக்கு வேணுங்கற பாட்டுலாம் ஒரு லிஸ்டா எழுதிக் கொடுத்து, பிறந்தநாளுக்கு நண்பனுக்குன்னு தனி டேப்பே போட்டு வாங்கினாங்க, நண்பர்கள் அவர் வீட்ல உக்கார்ந்து விடிய விடிய ஃப்ரீஸ்டைல் பண்ணாங்க, அதுல தெருப் பேரும் ஆளுங்க பேரும் வந்துக்கிட்டே இருக்கும். 1998-ல கடை திறக்கற வரைக்கும் விற்பனையும் பெரும்பாலும் வீட்டு வாசல்லதான். நீளமான ஹைவேல ராத்திரி வண்டி ஓட்டறவன் கேட்கறதுக்கான வேகம் அது. 2000 நவம்பர்ல 29 வயசுல போயிட்டார், இன்னிக்கு அவரோட ரெக்கார்டுகளை ஹியூஸ்டன் பல்கலைக்கழக நூலகம் பாதுகாக்குது. இப்ப நம்ம சாஃப்ட்வேர்ல வேகத்தை 20 சதவீதம் குறைச்சுட்டு ஸ்க்ரூட்னு பேர் போட்டுக்கறோம். அவர் வெட்டின இடங்களைக் கவனிச்சுக் கேளுங்க, எந்த வரிய ரெண்டு தடவை கேட்க வைக்கணும்னு அவர் எடுத்த முடிவுதான் அங்க கலையே.

இனி உங்க ஃப்ரெண்டு சொன்னதுக்கு வர்றேன். ஊர்ல பிறந்தவன்தான் தொடணும்னா ஹிப் ஹாப் சரித்திரமே நிக்காது. 1986-ல தி ஷோபாய்ஸ்னு நியூயார்க் க்வீன்ஸ் பசங்க ரெண்டு பேர் 'ட்ராக் ராப்' (Drag Rap)னு ஒரு பாட்டு போட்டாங்க. சொந்த ஊர்ல அது பெருசா எடுபடல. ஆனா நியூ ஆர்லியன்ஸ்காரங்க அந்தப் பீட்டை எடுத்து, தங்களோட தெரு ஊர்வல பிராஸ் பேண்டுல காலங்காலமா இருக்கற, ஒருத்தர் கூப்பிட கூட்டம் பதில் சொல்ற வழக்கத்தோட கலந்து பவுன்ஸ்னு தனி இசையவே உருவாக்கினாங்க, அந்தப் பாட்டுல வர்ற மணி ஒலி இன்னைக்கும் பவுன்ஸ்ல கேட்டுக்கிட்டே இருக்கும். மெம்ஃபிஸும் அதே பாட்டை எடுத்து வேற மாதிரி இருட்டாக்குச்சு. ஒரே பாட்டு, ரெண்டு ஊர், ரெண்டு பிறவி.

அட்லாண்டாவும் அப்படித்தான். 1995 ஆகஸ்ட்ல நியூயார்க்ல நடந்த சோர்ஸ் விருது விழால அட்லாண்டா ராப் ஜோடி அவுட்காஸ்ட் ஜெயிச்சப்ப கூட்டம் கூச்சல் போட்டுச்சு, அந்த ஜோடில ஒருத்தரான ஆண்ட்ரே மைக் பிடிச்சு தெற்குக்கும் சொல்ல விஷயம் இருக்குன்னு சொல்லிட்டு இறங்கினார். அவங்களுக்குப் பின்னாடி இருந்த ஆர்கனைஸ்ட் நாய்ஸ் டீம், அதுல ஒருத்தரான ரிகோ வேடோட அம்மா வீட்டு அடித்தளத்துல, மண் தரைல உக்கார்ந்து வேலை செஞ்சவங்க, அசல் அந்த ஊர் சவுண்ட். ஆனா அதே ஊரோட ட்ராப் சவுண்டை எடுத்துக்கோங்க. தயாரிப்பாளர் ஸேடோவன் சான் ஃப்ரான்சிஸ்கோல வளர்ந்து அட்லாண்டா வந்து சர்ச்ல ஆர்கன் வாசிக்கிறவர், அந்த விரல்தான் பீட்லயும் கேட்கும். லெக்ஸ் லூகர் வர்ஜீனியா பையன், எஃப்எல் ஸ்டூடியோங்கற சாஃப்ட்வேர்ல பீட் போட்டு மைஸ்பேஸ் தளம் வழியா அனுப்பி, அப்புறம்தான் அட்லாண்டா போனார், 2010-ல மொத்த ட்ராப்பையும் அவரோட ட்ரம்ஸ் மாத்திடுச்சு. வெளியில இருந்து வந்தாலும் அந்த ஊர் ராப்பர்களோடயே உக்கார்ந்து, அந்த ஊர் க்ளப்ல எது வேலை செய்யுதுன்னு பார்த்துப் பண்ணாங்க.

இன்டர்நெட் வந்தப்புறம் ஊர் சவுண்ட் இருக்கான்னு கேட்டீங்க. இருக்கு, ஆனா பாதை மாறிடுச்சு. ட்ரில்ங்கற ராப் வகை சிகாகோல பிறந்துச்சு, 2012 வாக்குல சீஃப் கீஃபும் தயாரிப்பாளர் யங் சாப்பும் அதை உலகத்துக்குக் கொண்டு போனாங்க. லண்டன் பசங்க அதை எடுத்தாங்க, அவங்க ஏற்கனவே க்ரைம் (Grime)ங்கற லண்டன் இசையோட 140 வேகத்துல பழகின காது, அதனால 808 பேஸ் வழுக்கிப் போற மாதிரி ஆச்சு, ரெண்டாவது பார்ல ஸ்நேர் எதிர்பார்க்கற இடத்துல விழாம தள்ளி நாலாவது தட்டுல விழுந்துச்சு. அப்புறம் ப்ரூக்ளின்ல இருந்த பாப் ஸ்மோக் யூட்யூப்ல லண்டன்காரர் 808மெலோவோட பீட்டைக் கண்டுபிடிச்சு 2019-ல பாடினார், ப்ரூக்ளின் ட்ரில் அதோட ஊர் தாண்டிப் பரவிச்சு. பீட் லண்டன், குரல் ப்ரூக்ளினோட கனார்ஸி பகுதி. கடலை ரெண்டு தடவை தாண்டி சுத்தி வந்தும் அந்தக் கட்டைக் குரலும் பேச்சு வழக்கும்தான் அதை ப்ரூக்ளினாக்குச்சு. நீங்க ப்ரொட்யூஸர் மட்டும்ங்கறதால இதைக் குறிச்சு வச்சுக்கோங்க, ஊர் சவுண்ட்ல பாதி ராப்பரோட வாயில இருக்கு.

இருந்தாலும் உங்க ஃப்ரெண்டு முழுசா தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அவர் பயப்படற விஷயம் நிஜமானது. மெம்ஃபிஸ் பழைய டேப்ல இருந்து குரலை வெட்டி எடுத்து பீட் போட்டு, அந்த ராப்பர் பேரைக்கூடப் போடாம விடற ஆட்கள் ஃபாங்க் (Phonk)ங்கற இன்டர்நெட் இசைப் பேர்ல ஏராளம். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரங்க பல பேர் அந்த இசையால பெருசா சம்பாதிக்கவே இல்ல. அதே மாதிரி ட்ரில்ல வர்ற தெருப் பேர், கும்பல் பேர், செத்துப் போனவங்க பேர் இதையெல்லாம் கெத்துக்காக டைட்டில்ல போடாதீங்க. அந்தப் பேருக்குப் பின்னாடி அழுத வீடுகள் இருக்கு. ட்ரம்ஸ் பேட்டர்ன், வேகம், இடம் விடற முறை இதெல்லாம் கத்துக்கலாம், யார்கிட்ட கத்துக்கிட்டீங்கன்னு டிஸ்க்ரிப்ஷன்ல பேரோட எழுதுங்க. அடுத்தவன் துக்கத்தையும் அடையாளத்தையும் மட்டும் எடுத்துப் போட்டுக்காதீங்க.

வேலைக்கு வருவோம். அந்தக் கிட்டை ஒரு மாசம் மூடி வைங்க. மெம்ஃபிஸ் பிடிக்கும்னா மெம்ஃபிஸ் மட்டும், 90-கள் டேப் ஒண்ணு எடுத்து தினமும் ஒரே ஒரு பாட்டு, பீட் போடாம கேளுங்க. வேகம் என்ன, ஹை-ஹேட் எங்க இரட்டிக்குது, பேஸ் எப்ப வாயை மூடுது, ராப்பர் மூணு மூணா அடுக்கிப் பேசறப்ப பீட் எவ்வளவு ஒதுங்கி வழி விடுதுன்னு பேப்பர்ல எழுதுங்க. மெம்ஃபிஸ் ராப்பர் லார்ட் இன்ஃபமஸ் மூணு மூணா பேசறதைக் கேட்டுட்டு அப்புறம் 2013-க்கு மேல வந்த அட்லாண்டா பாட்டுகளைக் கேளுங்க, அந்த நடை எங்க இருந்து போச்சுன்னு நானே சொல்லத் தேவையில்ல, கேட்கும்.

அப்புறம் பீட் போடறப்ப உங்களுக்கு நீங்களே கட்டுப்பாடு போட்டுக்கோங்க. நாலு ட்ராக்குக்கு மேல கிடையாது. மொத்த சாம்பிளும் 10 விநாடிக்குள்ள. ப்ளக்-இன்ல இரைச்சல் சேர்க்கக் கூடாது, இரைச்சல் வேணும்னா நிஜமாவே போன் ஸ்பீக்கர்ல ஓட விட்டுத் திரும்பப் பதிவு பண்ணுங்க, அதுல வர்ற கோளாறு உங்களுடையதா இருக்கும், வேற யார்கிட்டயும் இருக்காது. இந்தப் பீட்டை உங்களைச் சுத்தி இருக்கறவங்க எதுல கேட்கப் போறாங்க, சின்ன போன் ஸ்பீக்கர்லயா, இயர்போன்லயா, வண்டிலயான்னு முதல்லயே முடிவு பண்ணி அதுக்காகவே மிக்ஸ் பண்ணுங்க. போன்லதான்னா அடி ஆழத்துல இருக்கற 808 யாருக்குமே கேட்காது, பேஸோட மேல் ஒலிய ஏத்தி ஆகணும், அங்கயே உங்க சவுண்ட் மெம்ஃபிஸ்ல இருந்து பிரிஞ்சு உங்க பக்கம் வர ஆரம்பிச்சுடும். அது நடக்கறப்ப பயந்து திரும்ப கிட்டைத் திறந்துடாதீங்க.

உங்களோட பேச்சுல ராப் பண்ற ஒருத்தரைப் பிடிச்சு பக்கத்துல உக்கார வச்சுக்கோங்க, முடிஞ்சா அந்த ஃப்ரெண்டையே. இவ்வளவு கறாரா கேட்கற காது கிடைக்கறது கஷ்டம். முதல் அஞ்சு பீட்டும் அவர்கிட்டயே போட்டுக் காட்டுங்க, எந்த இடத்துல போலின்னு தோணுதுன்னு விநாடியோட குறிச்சுத் தரச் சொல்லுங்க, அந்த இடங்களை மட்டும் திருத்திட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்க.