‘இடப்பெயர்வு’க்கு ஒரு பெரிய எழுத்து

கேள்வி: புலம்பெயர்ந்து வாழும் எழுத்தாளர் தாய்மொழியில் எழுதி மொழிபெயர்ப்புக்காகக் காத்திருப்பது நல்லதா, குடியேறிய நாட்டின் மொழியிலேயே நேரடியாக எழுதிவிடுவது நல்லதா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், நீங்களும் அயல்நாடொன்றில் இருந்துகொண்டு தமிழில் எழுதுகிறவர் என்றும், “இதை இங்கே யார் படிக்கப்போகிறார்கள்?” என்று யாரோ அண்மையில் உங்களிடம் கேட்டிருக்கிறார்கள் என்றும் ஊகிக்கிறேன். ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் அப்படிக் கேட்டவர்கள் பலர். அதனால்தான், வழக்கமாகப் பிறர் பதில்களை வாசித்துவிட்டுப் போகிற நான் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த மொழியில் எழுதும்போது உங்களுக்கு எதையும் விளக்க வேண்டிய கட்டாயம் எழவில்லையோ, அந்த மொழியில் எழுதுங்கள். விளக்க வேண்டிய பொறுப்பு பிறகு வரட்டும். அதைச் சுமக்க மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கிடைத்தால் அவரோடு சேர்ந்து சுமக்கலாம். எழுதும்போதே அதைத் தலையில் வைத்துக்கொண்டால் கதை நடக்காது.

இந்த முடிவுக்கு நான் வந்தது ஒரே ஒரு சொல்லால். பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய என் சிறுகதை ஒன்று, நான் வாழும் கனடாவில் ஓர் ஆங்கிலத் தொகுப்பில் சேர்ப்பதற்காகத் தெரிவாகியது. அதன் முதல் வரி இதுதான்: “இடப்பெயர்வுக்குப் பிறகு அம்மா கதவைப் பூட்டுவதில்லை.” யாழ்ப்பாணத்தார் எவருக்கும் இந்த வரிக்கு மேல் ஒரு சொல்லும் தேவைப்படாது. 1995ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று, இராணுவம் நெருங்கிக்கொண்டிருந்தபோது, யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமப் பகுதி மக்களை உடனே வெளியேறும்படி புலிகள் அறிவிக்க, இலட்சக்கணக்கானோர் மழையில் நனைந்தபடி, செம்மணி வீதியிலும் நாவற்குழிப் பாலத்திலும் அடி மேல் அடி வைத்துத் தென்மராட்சிப் பக்கம் போனார்கள். அதற்கு முன்பும் இடம்பெயர்ந்தோம், பின்பும் பலமுறை இடம்பெயர்ந்தோம்; ஆனாலும் எங்கள் வீட்டில் அடைமொழி எதுவும் இல்லாமல் ‘இடப்பெயர்வு’ என்று சொன்னால் அது அந்த இரவைத்தான் குறிக்கும். பூட்டிவிட்டு வந்த வீட்டுக்குத் திரும்பியபோது பூட்டு மட்டும் இருந்தது, வீடு இல்லை. பிறகு எதற்குக் கதவைப் பூட்டுவது என்பது அம்மாவின் கேள்வி. இதை நான் கதையில் எங்கும் விளக்கவில்லை; விளக்க வேண்டும் என்று தோன்றவுமில்லை.

மொழிபெயர்ப்பின் முதல் வரைவு வந்தபோது, அந்த வரி ‘வீடு மாறிய பிறகு அம்மா கதவைப் பூட்டுவதில்லை’ என்ற பொருளில் இருந்தது. திருட்டுப் பயம் இல்லாத நல்ல அயலுக்குக் குடிபோன ஒரு பெண்மணியாக என் அம்மா அங்கே நின்றார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது, இரண்டு நாள் கழித்து வெட்கம் வந்தது. மொழிபெயர்த்தவர் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவர். இரண்டு மொழிகளிலும் என்னைவிட ஆழ்ந்து படித்தவர். அவருடைய தமிழில் அந்தச் சொல்லின்மேல் ஒரு தேதி ஒட்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். ஆங்கிலத்துக்குப் போவதற்கு முன்னால், என் தமிழிலிருந்து அவர் தமிழுக்கு ஒரு மொழிபெயர்ப்பு நடந்திருக்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. ஈழத்துத் தமிழ் தமிழ்நாட்டுக்கு விளங்காது என்று நான் குறைகூறுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டு நாவல்களில் எனக்குப் பிடிபடாத சொற்கள் ஏராளம்; பல ஆண்டுகளாக அவற்றை விளங்கியதுபோல் நடித்துக்கொண்டு வாசித்திருக்கிறேன்.

அதன்பின் நாங்கள் தொலைபேசியில் பேசத் தொடங்கினோம். “அண்ணா, இந்த ஒரு சொல்லுக்கு நான் ஒரு பத்தி எழுதினால்தான் இங்கே புரியும், ஆனால் பத்தி எழுதினால் உங்கள் வரி செத்துவிடும்” என்றார் அவர். பத்திரிகைகள் பயன்படுத்திய ஆங்கிலச் சொல் ஒன்று இருந்தது; அது, அடிமைப்பட்ட மக்கள் எகிப்தைவிட்டு வெளியேறியதைச் சொல்லும் விவிலிய நூலான யாத்திராகமத்துக்கு உரிய பெயர். அதை வைத்தால், வழியின் முடிவில் பாலும் தேனும் ஓடும் தேசம் ஒன்று காத்திருந்ததுபோல் ஆகிவிடும். எங்கள் வழியின் முடிவில் அப்படி எதுவும் இல்லை. அகதிகளைப் பற்றிய அறிக்கைகளில் வரும் சொல் இன்னொன்று. அது அம்மாவின் வாயில் வராது.

இதற்கிடையில் தொகுப்பாசிரியர் தலையிட்டார். போரின் பின்னணியை விளக்கும் ஒரு பத்தியைக் கதையின் தொடக்கத்தில் நானே சேர்த்துத் தர வேண்டும் என்றும், இல்லாவிட்டால் வாசகர் கதைக்குள் நுழைய மாட்டார் என்றும் எழுதினார். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மின்னஞ்சலை வாசித்தபோதுதான், புலம்பெயர்ந்த எழுத்தாளரிடம் இலக்கியத்துக்கு முன்பாக ஒரு சாட்சியம் எதிர்பார்க்கப்படுகிறது என்பது எனக்கு உறைத்தது. அம்மாவுக்கும் கதவுக்கும் இடையில் நடப்பது அவருக்குப் போதவில்லை. நாங்கள் ஏன் இந்த நாட்டுக்கு வந்தோம் என்ற விண்ணப்பப் படிவத்தை நான் மறுபடியும் நிரப்ப வேண்டியிருந்தது. நான் மறுத்தேன்.

வழியைக் கண்டுபிடித்தவர் மொழிபெயர்ப்பாளர்தான். ஆங்கிலத்தில் ‘புறப்பாடு’ என்ற அளவில் மட்டும் பொருள்தரும் மிக எளிய சொல்லொன்றை எடுத்து, அதன் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கினார். தமிழ் எழுத்துக்கு இல்லாத வசதி அது. என்ன நடந்தது என்று தெரியாத வாசகருக்கும், இது ஊரே பெயர் வைத்துவிட்ட ஏதோ ஒரு நாள் என்று அந்தப் பெரிய எழுத்து காட்டிவிடுகிறது. மூலத்தில் நான் செய்யாத ஒன்றை அவர் செய்தார்; இருந்தும் என் வரி செய்ததையே அது செய்தது. ஆங்கிலத்தில் நானே எழுதியிருந்தால் அந்தத் தீர்வை எட்டியிருக்க மாட்டேன், பயந்துபோய் அந்தப் பத்தியையே எழுதியிருப்பேன்.

“உமக்கு ஆங்கிலம் வராது, அதனால் இப்படிச் சொல்கிறீர்” என்று சிலர் பின்னூட்டம் இடுவார்கள் என்று தெரியும். இருபது ஆண்டுகளாக என் பிழைப்பே ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. குடியேறிய நாட்டின் மொழியில் எழுதுகிறவர்களைத் துரோகிகள் என்று சொல்வதும் என் நோக்கமில்லை. ஹங்கேரியிலிருந்து 1956இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிவந்த ஆகொத்தா கிறிஸ்தோஃப், கடிகாரத் தொழிற்சாலையில் வேலைசெய்துகொண்டே கற்ற பிரெஞ்சு மொழியில் எழுதினார். அந்த வறண்ட, எலும்புபோன்ற வாக்கியங்கள் தாய்மொழியில் அவருக்கு வாய்த்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறுவயதிலேயே ஜெர்மனிக்குப் போன செந்தூரன் வரதராஜா ஜெர்மன் மொழியில் நாவல் எழுதினார், அது 2016இல் வெளிவந்தது. பள்ளிக்கூடம் எந்த மொழியில் அமைந்ததோ, பெரும்பாலும் அந்த மொழியில்தான் விளக்கம் தேவைப்படாத நிலை அமைகிறது. வளர்ந்தபின் நாடுவிட்டு வந்த என்னைப்போன்றவர்களின் கணக்கு வேறு. 1935இல் நியூயார்க் வந்த ஐசக் பஷெவிஸ் சிங்கர், 1978இல் நோபல் பரிசு பெற்ற பிறகும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில்தான் எழுதினார். ஆனால் அவர் சும்மா காத்திருக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர்களோடு உட்கார்ந்து ஆங்கில வடிவத்தைச் செதுக்கி, அதைத் தன் ‘இரண்டாவது மூலம்’ என்றே அழைத்தார். உங்கள் கேள்வியில் உள்ள ‘காத்திருப்பது’ என்ற சொல்லை நான் ஏற்காததற்கு அவரும் ஒரு காரணம்.

காலம் எடுக்கும் என்பது உண்மைதான். பிரான்ஸில் வாழும் ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ நாவல் தமிழில் 2001இல் வந்தது, ஆங்கிலத்தில் 2008இல்தான் வந்தது. ஈழத்துக் கவிஞர் சேரனின் கவிதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராமும் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போய் வாழ்ந்தவர். அவர் 2016இல் மறைந்தபோது, அந்த இடத்துக்கு அடுத்து யார் என்று எண்ணிப்பார்த்து விரல்களை மடக்கியவர்களில் நானும் ஒருவன். அதிக விரல்கள் மடங்கவில்லை.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லப்போகிறேன். அந்தத் தொகுப்பு அச்சாகி வந்தபோது அட்டையில் பதினோர் எழுத்தாளர்களின் பெயர்கள் இருந்தன, மொழிபெயர்ப்பாளர் எவர் பெயரும் இல்லை. உள்ளே, பதிப்புரிமைப் பக்கத்தில், அச்சகத்தின் பெயருக்கு மேலே பொடி எழுத்தில் என் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். ஒரு பெரிய எழுத்தைக் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் உழைத்தவருக்குக் கிடைத்தது பொடி எழுத்து. ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கப்பட்ட நூல்களுக்கான சர்வதேச புக்கர் பரிசு 2016 முதல் தன் 50,000 பவுண்டை எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகப் பிரித்துத் தருகிறது. அட்டையில் தன் பெயர் இல்லாத நூலை இனி மொழிபெயர்ப்பதில்லை என்று மொழிபெயர்ப்பாளர் ஜெனிஃபர் கிராஃப்ட் 2021இல் வெளிப்படையாக அறிவித்தார். இவையெல்லாம் நடந்த பிறகு வெளிவந்த புத்தகத்தைத்தான் சொல்கிறேன். நான் கேட்டபோது, அட்டையில் இடம் போதவில்லை என்றார்கள். என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. என் பெயரை ஆங்கிலப் புத்தகத்தின் அட்டையில் பார்க்கும் ஆசை அன்று என்னை வாய்மூட வைத்தது என்பதையும் மறைக்கப்போவதில்லை.

ஆகவே, தமிழில் எழுதுங்கள் என்று உங்களுக்குச் சொல்லும்போதே, மொழிபெயர்ப்பு ஒப்பந்தம் கைக்கு வந்தால் மூன்று விடயங்களைக் கையொப்பமிடுவதற்கு முன் பாருங்கள் என்றும் சொல்கிறேன்: மொழிபெயர்ப்பாளரோடு நேரடியாகப் பேச உங்களுக்கு அனுமதி உண்டா, உங்கள் ஒப்புதல் இல்லாமல் பத்தி சேர்க்கவோ நீக்கவோ முடியுமா, அட்டையில் எத்தனை பெயர்கள். அடுத்த கதைக்கு நாங்கள் இப்போது அப்படித்தான் எழுதி வாங்கியிருக்கிறோம். அதில் ‘பெடியள்’ என்ற சொல்லில் மூன்று வாரமாக நிற்கிறோம். சிறுவர்கள் என்று போட்டால் துப்பாக்கி போய்விடுகிறது, போராளிகள் என்று போட்டால் வயது போய்விடுகிறது.