சும்மா கிடக்கிற நிலமா?

கேள்வி: வருடம் தவறாமல் காடு பார்க்கப் போகிறவன் நான். முதுமலை, பந்திப்பூர், போன வருடம் போர்னியோ. பந்திப்பூரில் விலங்குகளுக்காக ராத்திரியில் சாலையையே மூடிவிடுகிறார்கள், அதுவல்லவா பொறுப்பு! சிங்கப்பூரில் பார்க்க என்ன காடு இருக்கிறது? கைக்குட்டை அளவு புதரை வைத்துக்கொண்டு "தொடாதே, தொடாதே" என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். என் மகன் மூன்று தடவை அரசாங்கம் கட்டித்தரும் பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. சும்மா கிடக்கிற நிலத்தில் வீடு கட்டினால் என்ன குறைந்துவிடும்?
(ஒரு வாசகர், தெம்பனிஸ்)

பதில்: முதலில், உங்கள் மகனுக்குச் சீக்கிரம் வீடு கிடைக்கட்டும். கிண்டல் இல்லை. நானும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீட்டில் குடியிருப்பவன்தான். என் புளோக் நிற்கிற இடத்திலும் ஒரு காலத்தில் ஏதோ மரம் நின்றிருக்கும்.

எனக்குச் சண்டை அந்தச் "சும்மா"வோடுதான். போர்னியோ வரைக்கும் போனவர் நம் சிங்கப்பூரிலேயே இருக்கிற உபின் தீவுக்கு ஒரு நடை போயிருக்கிறீர்களா? உங்கள் ஊரில் 29-ஆம் எண் பஸ் ஏறினால் சாங்கி வில்லேஜ். படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் 12 பேர் காசையும் நீங்களே கொடுத்துவிடலாம், போர்னியோ டிக்கெட்டோடு பார்த்தால் அது ஒரு காசா?

தீவின் கிழக்குக் கோடியில் செக் ஜாவா, அலை வற்றினால் சேறும் மணலுமாக வெளியே தெரிகிற கடலோரம். 2001-இல் அங்கே மண்ணைக் கொட்டிக் கடலைத் தூர்ப்பது என்று முடிவாகியிருந்தது. "போவதற்குள் பார்த்துவிடு" என்று நண்பர் ஒருவர் விடிகாலையில் இழுத்துக்கொண்டு போனார். முணுமுணுத்துக்கொண்டே போனேன். தண்ணீர் வற்றிய சேற்றில் செருப்பு மாட்டி வார் அறுந்தது. அதை எடுக்கக் குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது: விரல் நகம் அளவு நண்டுகள், நூற்றுக்கணக்கில். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பெரிசு. அதைத் தூக்கித் தூக்கி, யாரையோ "வா, வா" என்று கூப்பிடுகிற மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தன. நான் நிமிர்ந்ததும் அத்தனையும் வளைக்குள். சரி என்று அசையாமல் நின்றேன். முதலில் ஒன்று கண்ணை மட்டும் நீட்டிப் பார்த்தது. அப்புறம் இரண்டு, அப்புறம் சேறு முழுக்க. ஒற்றைச் செருப்போடு அரைமணி நேரம் நின்றிருப்பேன்.

அந்த மாதங்களில் சனம் குடும்பம் குடும்பமாகப் போனது. ஆய்வாளர்களும் தொண்டூழியர்களும் சேற்றில் இறங்கி என்னென்ன உயிர் இருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். டிசம்பரில் அரசாங்கம் திட்டத்தைத் தள்ளிவைத்தது. கவனியுங்கள், தள்ளிவைத்தது, ரத்து செய்யவில்லை. 2007-இல் சதுப்புக்கும் கடலுக்கும் மேலே நடைபாதை போட்டுத் திறந்தார்கள். இப்போது போனால் செருப்பு அறாது.

பந்திப்பூருக்கு வருகிறேன். 2009-இலிருந்து அங்கே இரவுத் தடை இருக்கிறது, நல்ல காரியம். இங்கே 1986-இல் புக்கிட் தீமா விரைவுச்சாலை வந்தபோது ஒரே காடு இரண்டாக வெட்டுப்பட்டது. 27 வருடம் கழித்து, 2013-இல், சாலைக்கு மேலே பாலம் கட்டி, அதில் மண் போட்டு மரம் நட்டார்கள், விலங்குகள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போக. அழுங்கு, அதாவது உடம்பெல்லாம் செதில் உள்ள எறும்புத்தின்னி, அதில் நடமாடியது பதிவாகியிருக்கிறது. ஜோகூருக்குச் சாப்பிடப் போகும்போது அந்தப் பாலத்துக்கு அடியில் எத்தனை தடவை போயிருப்பீர்கள்? நிமிர்ந்து பார்த்திருக்கமாட்டீர்கள். நானும் ரொம்ப நாள் பார்க்கவில்லை.

நம் குழாய்த் தண்ணீருக்கும் இந்தக் காட்டுக்கும் உறவு உண்டு. மெக்ரிட்சி நீர்த்தேக்கம் 1868-இல் முடிந்தது. சுற்றிலும் காட்டை விட்டுவைத்தவர்களுக்குக் குரங்கின் மேல் பெரிய பாசம் ஒன்றும் கிடையாது; மழையில் மண் கரைந்து குடிதண்ணீரில் சேரக்கூடாது என்கிற கவலைதான். அப்படிப்பட்ட காட்டிலேயே, லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்துப் பக்கம், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோல்ஃப் மைதானம் போட யோசித்தார்கள். இயற்கைச் சங்கத்தினர் அங்கே என்ன இருக்கிறது என்று எண்ணி அறிக்கை கொடுத்தார்கள். திட்டம் நின்றது.

கோல்ஃப் என்றதும் ஞாபகம் வருகிறது. 2014 வாக்கில் அரசாங்கம் சொன்ன கணக்குப்படி கோல்ஃப் மைதானங்கள் பிடித்திருந்த இடம் சுமார் 1,500 ஹெக்டேர், நாட்டின் நிலத்தில் 2 விழுக்காடு. அதைச் "சும்மா கிடக்கிறது" என்று நீங்கள் எழுதவில்லை. புல்லை ஒட்ட வெட்டி வைத்துவிட்டால் அது பயன்படும் நிலம், மரம் தன்பாட்டுக்கு வளர்ந்தால் வீண் நிலமா? கெப்பல் கிளப் மைதானம் இருந்த இடத்தில் சுமார் 9,000 வீடுகள் வரப்போகின்றன. மகனிடம் சொல்லிவையுங்கள்.

காட்டில் ஒரு கிளையைக்கூட ஒடிக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சிங்கப்பூரின் மேற்கே தெங்காவில் மரங்களை எடுத்துவிட்டுத்தான் புது ஊர் எழும்புகிறது. விலங்குகள் கடக்க 100 மீட்டர் அகலத்தில் 5 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு காட்டுப் பட்டை ஒதுக்கியிருக்கிறார்கள். போதுமா என்று கேட்டால் போதாது என்பேன். ஆனால் உள்ளே இருப்பதை எண்ணிப் பார்த்த பிறகு வெட்டுவது வேறு, புதர்தானே என்று வெட்டுவது வேறு. உங்கள் பேட்டையின் பெயரே ஒரு மரத்தின் பெயர்தான், தெரியுமோ? தெம்பினிஸ், உறுதியான காட்டு மரம். உங்கள் வட்டாரத்தில் இன்று எத்தனை நிற்கிறது என்று சாயங்காலம் நடக்கும்போது எண்ணிப் பாருங்கள்.

அலை 0.5 மீட்டருக்குக் கீழே இறங்குகிற நாளாகப் பார்த்து மகனோடு செக் ஜாவாவுக்குப் போய் வாருங்கள். வந்த பிறகும் அது சும்மா கிடக்கிறது என்று தோன்றினால் எழுதுங்கள், ஒரு எழுத்தும் மாற்றாமல் போடுகிறேன். படகுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், 50 வெள்ளி நோட்டை நீட்டினால் படகுக்காரர் முறைப்பார்.