ரயில்வே கம்பெனிகளுக்கு 5 சதவீத வட்டி உத்தரவாதம் கொடுத்து அரசு ஏமாந்துவிட்டதா?

"இந்தியாவின் முதல் ரயில் பாதைகளைப் போட்ட தனியார் கம்பெனிகளுக்கு, லாபம் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுக்கு 5 சதவீத வட்டி தருவதாகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அரசு எப்படி ஒப்புக்கொண்டது? பேரம் பேசத் தெரியாமல் ஏமாந்ததா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ரயில்வே கணக்குப் பிரிவில் ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். ஓர் ஒப்பந்தம் மேசைக்கு வந்தால், அது பாதியில் முறிந்தால் நட்டம் யார் தலையில் விழும் என்று சொல்லும் ஷரத்தைத்தான் முதலில் தேடிப் படிப்பேன். தொகையையெல்லாம் பிறகுதான் பார்ப்பேன். 1849ஆம் ஆண்டின் ரயில்வே ஒப்பந்தத்தையும் அந்தப் பழக்கத்தோடுதான் அணுகினேன். எல்லோரும் பேசுகிற 5 சதவீதம் அந்தப் பேரத்தில் அவ்வளவு பெரிய விஷயமில்லை என்ற முடிவுக்கு அப்போது வந்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், அரசு அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடவில்லை. ரோலண்ட் மெக்டொனால்ட் ஸ்டீஃபன்சன் என்பவர் கல்கத்தாவிலிருந்து வடமேற்கே பாதை போடும் திட்டத்தோடு 1840களின் தொடக்கத்திலிருந்தே அலைந்துகொண்டிருந்தார். ஈஸ்ட் இந்தியன் ரயில்வே கம்பெனி 1845இல் உருவானது. அதே ஆண்டு மே மாதம் 7ஆம் தேதி, லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் கவர்னர் ஜெனரலுக்கு எழுதிய கடிதத்தில் தங்கள் சந்தேகங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார்கள். பருவமழையும் வெள்ளமும், ஓயாத பலத்த காற்றும் உச்சி வெயிலும், மரக்கட்டைகளையும் மண்கரைகளையும் அரிக்கும் பூச்சிகள், கட்டுமானத்தைப் பிளந்துகொண்டு முளைக்கும் செடிகொடிகள், வேலியில்லாத திறந்தவெளி, நம்பத்தகுந்த பொறியாளர்கள் கிடைப்பதிலுள்ள சிரமமும் செலவும் என்று ஆறு தடைகளைக் குறிப்பிட்டார்கள். இவற்றை ஆராய்வதற்காக எஃப். டபிள்யூ. சிம்ஸ் என்ற பொறியாளர் இங்கே அனுப்பப்பட்டார். இந்தத் தடைகள் எதுவும் கடக்க முடியாதவை அல்ல என்று அவர் அறிக்கை கொடுத்தார். இலவச நிலம் மட்டும் போதாது, அதற்கு மேலும் உதவ வேண்டும் என்பது அப்போதைய கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்சின் நிலை. படைகளை விரைவாக நகர்த்துவது அவருக்கு முக்கியமாகப் பட்டது.

பேரம் இழுபறியானது வட்டியில்தான். இயக்குநர்கள் 4 சதவீதத்துக்கு மேல் போகத் தயங்கினார்கள். ரயில்வே கம்பெனி 5 சதவீதத்தில் கறாராக நின்றது. 1847இல் லண்டன் பணச்சந்தையில் பெரும் நெருக்கடி வந்தது. இங்கிலாந்தின் உள்நாட்டு ரயில் பங்குகளில் பணம் போட்டவர்களே கையைச் சுட்டுக்கொண்டிருந்த நேரம். ஒருவரும் பார்த்திராத ஒரு தேசத்துப் பாதைக்கு, அரசின் உறுதிமொழி இல்லாமல் யாரும் பணம் தரமாட்டார்கள் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை, அது உண்மையும்கூட. இன்னொரு பக்கம், 1846இல் அமெரிக்கப் பருத்தி விளைச்சல் குறைந்ததால் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைக்காரர்கள் இந்தியப் பருத்தி துறைமுகத்துக்கு வேகமாக வரவேண்டும் என்று நெருக்கினார்கள். பம்பாயிலிருந்து பாதை போட முனைந்த கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேக்கு அந்த ஆதரவு பெரும் பலமாக இருந்தது. கம்பெனிகளால் காத்திருக்க முடிந்தது. அரசைக் காத்திருக்கவிடாமல் தள்ளும் கைகள் பல இருந்தன. வட்டியை முடிவு செய்தது இந்த நிலைமைதான் என்று நான் நினைக்கிறேன்.

1849 ஆகஸ்ட் 17ஆம் தேதி இரண்டு கம்பெனிகளோடும் ஒப்பந்தம் கையெழுத்தானது. தொடக்க முதல் (மூலதனம்) ஈஸ்ட் இந்தியனுக்குப் பத்து லட்சம் பவுன் (இங்கிலாந்துப் பணம்), பெனின்சுலாவுக்கு ஐந்து லட்சம் பவுன். நிலம் 99 ஆண்டுகளுக்கு இலவசம். போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டிக்கு உத்தரவாதம். அதற்கு மேல் லாபம் வந்தால், அதில் பாதி, அரசு முன்பு கொடுத்த வட்டியை அடைப்பதற்குப் போகும்.

அரசு எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. பாதை எந்த வழியாகப் போக வேண்டும், பாலம் எப்படி இருக்க வேண்டும், எவ்வளவு செலவு செய்யலாம் என்பதையெல்லாம் அனுமதிக்கும் அதிகாரம் அரசின் ஆலோசகப் பொறியாளரிடம் இருந்தது. தண்டவாள அகலத்திலும் கம்பெனிகளின் எண்ணம் நடக்கவில்லை. இங்கிலாந்தில் இருப்பது போல 4 அடி 8½ அங்குலம் போதும் என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள். ஹார்டிஞ்சுக்குப் பிறகு வந்த டல்ஹவுசி 6 அடி வேண்டும் என்றார். முடிவில் 5 அடி 6 அங்குலம் என்று நிலைத்தது. இன்று நாம் பயணம் செய்கிற அகலப்பாதையின் 1,676 மில்லிமீட்டர் அதுதான்.

இப்போது நான் முதலில் தேடிய ஷரத்துக்கு வருகிறேன். கம்பெனி ஆறு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுப் பாதையை அரசிடம் ஒப்படைத்துவிடலாம். அப்படி ஒப்படைத்தால் அதுவரை போட்ட முதல் முழுவதையும் அரசு திருப்பித் தந்துவிட வேண்டும். முதலுக்கு மோசமில்லை என்பதைச் சட்டமொழியில் இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. வட்டிக்கும் உத்தரவாதம், முதலுக்கும் உத்தரவாதம் என்றானபின், பாதையைச் சிக்கனமாகப் போட வேண்டும் என்று பங்குதாரருக்கு ஏன் தோன்ற வேண்டும்? மைலுக்கு 8,000 பவுன் ஆகும் என்று எண்ணித் தொடங்கிய பாதைகள், 1860களின் இறுதியில் மைலுக்குச் சுமார் 18,000 பவுனை விழுங்கியிருந்தன. இந்திய அரசின் நிதித்துறையை முன்பு கவனித்த வில்லியம் மாசி, 1872இல் நாடாளுமன்றக் குழுவின் முன் இதை வெளிப்படையாகவே சொன்னார்: இந்திய வருவாயிலிருந்து 5 சதவீதம் உறுதியாக வரும்வரை, தான் கொடுத்த பணம் ஹூக்ளி ஆற்றில் கொட்டப்பட்டாலும் செங்கல்லும் சாந்துமாக மாறினாலும் இங்கிலாந்து முதலாளிக்கு ஒன்றுதான் என்பது அவர் சொன்னதன் சாரம். மேற்பார்வைப் பொறியாளர் ஒவ்வொரு பாலத்தையும் பார்த்துக் கையெழுத்துப் போடலாம். ஆனால் செலவு குறைந்தால் லாபம் அடைபவர் எதிரே இல்லாதபோது அந்தக் கையெழுத்தால் செலவைக் கட்டுப்படுத்த முடியாது. என் பணிக்காலத்தில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இன்னொரு ஷரத்து ரூபாய் மாற்று விகிதம். ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 10 பென்ஸ், அதாவது 22 பென்ஸ் என்று ஒப்பந்தத்தில் நிலையாக எழுதிவிட்டார்கள் (அன்று 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன்). 1849இல் அது நியாயமான விகிதம். அதில் தந்திரம் எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ரூபாய் அன்று வெள்ளி நாணயம்; 1870களில் உலகச் சந்தையில் வெள்ளி விலை சரியத் தொடங்கியதும் அந்த ஒரு வரி கணக்குகளைப் புரட்டிப் போட்டது. பாதையில் வந்த நிகர வருமானம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்த விகிதப்படி அதை 91 பவுன் 13 ஷில்லிங் 4 பென்ஸ் என்று கம்பெனியின் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 1894-95இல் ரூபாயின் உண்மையான மதிப்பு சுமார் 13 பென்ஸுக்கு இறங்கியிருந்தது; லண்டனில் அந்த 1,000 ரூபாய்க்குக் கிடைப்பது ஏறக்குறைய 54 பவுன்தான். இடையில் விழுகிற 37 பவுனை அரசு, அதாவது வரி கட்டும் குடியானவர், ஈடுகட்ட வேண்டும். உண்மையில் நட்டமான ஆண்டிலும் ஏட்டில் உபரி லாபம் தெரியும். அந்த உபரியில் பாதியும் பங்குதாரருக்குப் போகும். கணக்குப் பிரிவில் இருந்தவன் என்பதால் இதைப் படித்தபோது எனக்குத் தாங்கவில்லை. பேனா பிடித்தவர்களுக்கு 22 என்பது ஓர் எண். ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை 1856இல் ஓடத் தொடங்கிய சென்னைப் பாதையும் இதே வகையான உத்தரவாதத்தின்மேல் நின்றதுதான், அந்தப் பாதையின் இருபுறமும் நிலவரி கட்டியவர்களின் சம்மதத்தை எந்த மேசையிலும் யாரும் கேட்கவில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இரண்டாம் சுற்றுப் பேச்சுவார்த்தை. முதல் ஒப்பந்தத்தில் அரசுக்குச் சாதகமான வலுவான ஷரத்து ஒன்று இருந்தது: 25 ஆண்டுகள் முடிந்ததும், அல்லது 50 ஆண்டுகள் முடிந்ததும், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரிப் பங்கு விலையைக் கொடுத்துப் பாதையை வாங்கிக்கொள்ளலாம். பெனின்சுலாவுக்கு அந்த 25ஆம் ஆண்டு 1874இல் வர வேண்டியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1869-70இல், லண்டனில் இருந்த இந்தியா மந்திரி (இந்திய ஆட்சியைக் கவனித்த பிரிட்டிஷ் அமைச்சர்) பெனின்சுலா, சென்னை, பம்பாய்-பரோடா கம்பெனிகளோடு புதிய உடன்பாடு செய்துகொண்டார். அதுவரை அரசு கொடுத்த வட்டியில் திரும்பி வராத பாக்கி முழுவதும் தள்ளுபடி. 25ஆம் ஆண்டில் வாங்கும் உரிமையும் போனது. பதிலுக்கு இனிமேல் வரும் உபரி லாபத்தில் பாதி அரசுக்கு. கையிலிருந்த துருப்புச் சீட்டை, வருமா வராதா என்று தெரியாத பாதி லாபத்துக்காகக் கொடுத்தார்கள். பெனின்சுலா 1900இலும் சென்னை ரயில்வே 1908இலும்தான் அரசின் கைக்கு வந்தன. ரூபாய் சரிந்த அத்தனை ஆண்டுகளிலும் அந்த 22 பென்ஸ் நடைமுறையில் இருந்தது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது: 1849இல் அரசு ஏமாறவில்லை. அரசே இந்தியாவில் வாங்கிய கடன்களுக்கு 4, 5 சதவீத வட்டி கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் 5 சதவீதம் கொள்ளை வட்டியும் இல்லை. முதலுக்கு உச்சவரம்பு வைக்காததும், மாற்று விகிதத்தை மறுபரிசீலிக்க வழி வைக்காததும் பெரும் பிழைகள். அவற்றைத் திருத்த வாய்ப்பு வந்த 1869இல் அதை விட்டுக்கொடுத்தது மன்னிக்க முடியாத பிழை.

அந்தப் புதிய உடன்பாட்டில் சேராத ஈஸ்ட் இந்தியனின் கதை வேறு மாதிரி போனது. அதன் பாதையை வாங்கும் உரிமையை அரசு பயன்படுத்திக்கொண்டது. 100 பவுன் பங்குக்கு 125 பவுன் வீதம் 3 கோடியே 27½ லட்சம் பவுன் விலை தீர்ந்தது; பெரும்பாலும் 1953 வரை தரவேண்டிய ஆண்டுத்தொகையாக அது மாற்றப்பட்டது. 1880 ஜனவரி 1 முதல் பாதை அரசின் சொத்து. ஆனால் ரயில்களை ஓட்டும் குத்தகையை அதே கம்பெனியே பெற்றுக்கொண்டது. 1924 டிசம்பர் 31 வரை அவர்களே நடத்தினார்கள்.