கடையில் பிடிபட்ட பிள்ளை: வீட்டார் கேட்ட கேள்விகளுக்கு ஒரு காரைக்குடி வழக்கறிஞரின் பதில்கள்

கேள்வி (காரைக்குடித் தாய் ஒருவர்): 14 வயது மகன் ஒரு கடையில் 180 ரூபாய் சென்ட் பாட்டிலைப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து பிடிபட்டான். 2,000 ரூபாயும், “நான்தான் திருடினேன்” என்று அவன் எழுதிய தாளும் வாங்கிக்கொண்டே விட்டார்கள். ஜெயிலுக்குப் போவானா?

பதில்: போகமாட்டான் அம்மா. 18 வயது நிறையாத எவரையும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. கடைக்குள் நடந்த திருட்டுக்குப் பெரியவர்களானால் 7 ஆண்டு வரை சிறை விதிக்கும் பிரிவே பொருந்தக்கூடும். ஆயினும் சிறுவனுக்கு, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாக இல்லாதவரை, எஃப்.ஐ.ஆர். போடாமல், காவல் நிலையப் பொது நாட்குறிப்பில் பதிந்து, குடும்பச் சூழ்நிலை அறிக்கையோடு, சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதே விதி. காவலில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும்; ஜாமீன் கொடுப்பதே அங்கு வழக்கம்.

கடைக்காரருக்குச் சேர வேண்டியது பொருள், அல்லது அதன் விலை. அபராதம் விதிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. இப்படி வருகிறவர்கள் பெரும்பாலும் பணத்தைப் பற்றியே பேசுகிறார்கள்; எனக்கு உறுத்துவதோ அந்தத் தாள். கோடு போட்ட நோட்டுத் தாளில், அப்பா பெயரும் பள்ளியின் பெயரும் வகுப்பும் பிரிவும் சேர்த்து, கை நடுங்க எழுதிய வரிகள் அவை. அதைத் திருப்பிக் கேளுங்கள். கொடுத்த பணத்துக்கு ரசீதும் கேளுங்கள். பயத்தில் இன்னொரு கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி (தேவகோட்டை அப்பத்தா): ஆறு வயதுப் பேரன் மிட்டாய் எடுத்துவிட்டான். போலீஸ் வருமா?

பதில்: 7 வயது நிறையாத பிள்ளை செய்வது குற்றமே ஆகாது, அப்பத்தா. 7 முதல் 12 வரையிலும், செயலின் விளைவு புரியும் பக்குவம் பிள்ளைக்கு இல்லையென்றால் குற்றமாகாது.

கேள்வி (பள்ளத்தூரைச் சேர்ந்த, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தந்தை): 16 வயது மகள் மீது விசாரணை நடக்கிறது. அவள் முகம் தெரியும் வீடியோ ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஓடுகிறது. அவள் எதிர்காலம் என்னாகும்? எங்களுக்கும் தண்டனை உண்டா?

பதில்: வீடியோவைப் பற்றி உடனே புகார் கொடுங்கள் ஐயா. விசாரணையில் உள்ள பிள்ளை யாரென்று தெரியும்படி பெயரையோ படத்தையோ பள்ளியையோ வெளியிடுவது, இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கக்கூடிய குற்றம். ஊரார் வாய் பெண் பிள்ளையை எவ்வளவு நாள் துரத்தும் என்று நமக்குத் தெரியும். ஆகவே தயங்க வேண்டாம்.

எதிர்காலத்தைப் பொறுத்தவரை, இதனால் அவளுக்கு எந்தத் தகுதியிழப்பும் வராது என்று அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்கிறது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் ஆவணங்களையும் அழிக்க வேண்டும்.

மகள் செய்ததற்காகப் பெற்றோர் சிறை செல்வதில்லை. குற்றம் நிரூபணமானால் குழுமம் எச்சரித்து வீட்டுக்கு அனுப்பலாம், ஆற்றுப்படுத்தலுக்கோ (கவுன்சலிங்) சமூக சேவைக்கோ அனுப்பலாம், பெற்றோரை அபராதம் கட்டச் சொல்லலாம், 3 ஆண்டு வரை நன்னடத்தைக்கு உறுதிப் பத்திரம் கேட்கலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டாலும், பிள்ளைகளுக்கு இலவச சட்ட உதவி 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி உரிமை; வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்தால் போதும்.

கேள்வி (புதுவயல் கடைக்காரர்): அப்படியானால் திருடுகிற பிள்ளையை நாங்கள் என்னதான் செய்வது?

பதில்: உங்கள் நஷ்டமும் நஷ்டம்தான். பொருளைத் திரும்ப வாங்குங்கள், வீட்டாருக்கு ஃபோன் செய்யுங்கள், வேண்டுமானால் போலீஸைக் கூப்பிடுங்கள். குடோனில் பூட்டி வைத்தால், சட்டவிரோதமாக அடைத்து வைத்த குற்றம் உங்கள் மேலேயே திரும்பலாம். அதற்கு ஓராண்டு வரை சிறை உண்டு. வீட்டார் வரும்வரை கல்லாப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள்.