டச்சு வகுப்புக்கு 12,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகன் நெதர்லாந்தில், ஐந்தோவன் நகரில் வேலை பார்க்கிறான். ஏப்ரலில் நானும் கணவரும் மூன்று வாரம் போய் இருந்துவிட்டு வரப் போகிறோம். பகலில் அவன் ஆபீஸ் போய்விடுவான். கடைக்கும் பஸ்ஸுக்கும் நாங்களேதான் அலைய வேண்டும். இணையத்தில் ஒரு பயிற்சி மையம் "30 நாளில் சரளமான டச்சு" என்று 12,000 ரூபாய் கேட்கிறது. இந்த வாரத்துக்குள் கட்டினால் பாதி விலையாம். சேரலாமா? நாங்கள் சுத்த சைவம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். - வாசகி, ஈரோடு

பதில்: சேர வேண்டாம். பாதி விலைக்கும் வேண்டாம். 30 நாளில் எந்த மொழியும் சரளமாக வராது. வந்தாலும் உங்களுக்குப் பேச வாய்ப்பு கிடைக்காது. நீங்கள் மனப்பாடம் செய்த வாக்கியத்தில் பாதியைச் சொல்வதற்குள், எதிரில் இருப்பவர் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். அந்த ஊரில் அநேகமாக எல்லோருக்கும் ஆங்கிலம் வரும்.

ஆனால் பால் பாக்கெட்டும் தள்ளுபடி அட்டையும் ஆங்கிலத்துக்குத் தாவாது. அதனால் பேசுவதை விட்டுவிட்டு, படிப்பதற்கு ஒரு முப்பது வார்த்தை பழகிக்கொள்ளுங்கள். அதற்குச் செலவே இல்லை.

பாலிலிருந்தே தொடங்கலாம். மெல்க் என்றால் பால், கார்னமெல்க் என்றால் மோர். இரண்டும் ஒரே மாதிரி அட்டைப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். தெரியாமல் காபியில் ஊற்றினால் திரிந்துவிடும் (மோர்க்குழம்புக்கு ஆகும், கவலை வேண்டாம்).

சைவம் என்பதால் பொட்டலத்தின் பின்பக்கம் முக்கியம். முட்டை, மீன், பால் உட்பட 14 ஒவ்வாமைப் பொருட்களைச் சேர்மானப் பட்டியலில் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். ஆகவே ஐ (முட்டை), விஸ் (மீன்) இரண்டும் பெரும்பாலும் தடித்த எழுத்தில் கண்ணில் பட்டுவிடும். இறைச்சிக்கு அந்த விதி இல்லை. வ்லேஸ் (இறைச்சி), கிப் (கோழி), ரூண்ட் (மாடு), வார்கன் (பன்றி) ஆகியவற்றை நீங்கள்தான் தேடிப் பிடிக்க வேண்டும். சூப் பொடியில் ரூண்ட் ஒளிந்திருக்கும், மிட்டாயில் ஜெலட்டின். சீஸில் ஸ்ட்ரெம்சல் என்று இருந்தால் அது பாலை உறைய வைக்கும் பொருள். கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம். முன்னால் "மைக்ரோபியேல்" அல்லது "வேகதாரிஸ்" என்று இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். இந்த வார்த்தைகளின் டச்சு எழுத்துகளை மகனைக் கேட்டு ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் கூகுள் டிரான்ஸ்லேட்டுக்கு டச்சு மொழியைக் கிளம்பும் முன்பே இறக்கிவிட்டால், நெட் இல்லாமலும் கேமராவைக் காட்டிப் படிக்கலாம்.

விலை அட்டையில் கிராடிஸ் என்றால் இலவசம், வனாஃப் என்றால் "இந்த விலையிலிருந்து ஆரம்பம்". நம் ஊர் ஜவுளிக்கடைத் தள்ளுபடிப் பலகையில் பொடி எழுத்தில் வருமே, அதே சங்கதி. ஸ்டாஸிகெல்ட் என்பது பாட்டிலுக்கான டெபாசிட்: சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 15 சென்ட், பெரிய பாட்டிலுக்கு 25 சென்ட். காலி பாட்டிலை சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். மூன்று வாரத்தில் நாலு காசு தேறும், தூக்கி எறியாதீர்கள்.

கல்லாவில் "போன்?" அல்லது "பொன்னச்சே?" என்று கேட்பார்கள். பில் வேண்டுமா என்று அர்த்தம். "யா" என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். நாமே ஸ்கேன் செய்யும் கல்லா உள்ள பல கடைகளில் பில்லைக் காட்டினால்தான் வெளிக்கதவு திறக்கும். "அலேன் பின்னன்" என்று எழுதியிருந்தால் கார்டு மட்டும்தான், ரொக்கம் செல்லாது.

பஸ்ஸிலும் ரயிலிலும் கார்டைத் தொட்டு ஏறுவதுபோல இறங்கும்போதும் தொட வேண்டும். அதற்கு அவுட்செக்கன் என்று பெயர். ரயிலில் மறந்தால் 20 யூரோ பிடித்துவிடுவார்கள். யாராவது "ஹால்ஃப் வீர்" என்று நேரம் சொன்னால் நாலரை என்று நினைத்து நிதானமாகப் போகாதீர்கள். வீர் நாலுதான், ஆனால் ஹால்ஃப் வீர் என்றால் மூன்றரை.

பேச ஆசையாக இருந்தால் மூன்று போதும்: ஹலோ, டாங்க் யூ வெல் (நன்றி, மரியாதையாக), அல்ஸ்டுப்லீஃப்ட் (தயவுசெய்து, பொருளை நீட்டும்போது "இந்தாங்க" என்பதற்கும் இதுவே). இன்னும் இரண்டு வார்த்தை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கடை போட்ட டச்சுக்காரர்களின் டயூட் என்ற காசுதான் நம் துட்டு. அவர்களுடைய காக்ஹௌஸ்தான் நம் கக்கூஸ். அங்கே போய் அதைக் கேட்டுவைக்காதீர்கள், அசிங்கமான பேச்சாகிவிடும். துவாலெட் என்று கேளுங்கள். பல இடங்களில் அதற்கும் துட்டு உண்டு.

கொஞ்சம் முறையாகப் படிக்க விரும்பினால் குரோனிங்கன் பல்கலைக்கழகம் ஃபியூச்சர்லேர்ன் தளத்தில் நடத்தும் தொடக்கநிலைப் பாடம் இருக்கிறது, டூயோலிங்கோ என்ற மொழிச் செயலி இருக்கிறது. இரண்டையும் காசில்லாமல் படிக்கலாம். அங்கேயே குடியேறி, குடியுரிமைக்காகத் தேர்வு எழுதப் போகிறவர்கள் பணம் கட்டிப் படிப்பதில் நியாயம் உண்டு.

கேள்வி: ஒரு மொழிச் செயலியில் "7 நாள் இலவசம்" என்று சேர்ந்தேன். பிடிக்காமல் மூன்றாம் நாளே செயலியைப் போனிலிருந்து நீக்கிவிட்டேன். ஆனாலும் ஒரு வருடச் சந்தா பிடித்துவிட்டார்கள். இது என்ன நியாயம்? - வாசகர், தாம்பரம்

பதில்: செயலியை நீக்கினால் சந்தா நீங்காது. ஆண்ட்ராய்டு என்றால் பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, சந்தாக்கள் பகுதியில் ரத்து செய்ய வேண்டும். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் உங்கள் பெயருக்குக் கீழே. இலவசக் காலம் முடிய 24 மணி நேரம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். பணம் போய் 48 மணி நேரம் ஆகவில்லையென்றால் கூகுளிடமே திரும்பக் கேட்கலாம், தாண்டியிருந்தால் செயலி நிறுவனத்திடம்.

ரத்து செய்யும் வழியை வேண்டுமென்றே சிக்கலாக்கி வைத்திருந்தால் கதை வேறு. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று உத்திகளுக்குத் தடை போட்டது; சந்தாப் பொறி அதில் ஒன்று. பொய்யாக அவசரம் காட்டுவதும் அந்தப் பட்டியலில் உண்டு, ஈரோடு வாசகியும் கவனிக்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். திரையைப் படம் பிடித்து வைத்திருந்தால் புகாருக்கு வலு கூடும்.

கேள்வி: பெல்ஜியமும் போகிறோம். அங்கே டச்சு செல்லுமா? - வாசகர், மதுரை

பதில்: ஆன்ட்வெர்ப், கென்ட், ப்ரூஜ் பக்கம் டச்சுதான். அங்கே பிரெஞ்சைவிட ஆங்கிலத்தில் ஆரம்பிப்பதே நல்லது. பிரஸ்ஸல்ஸில் இரண்டும் அரசு மொழிகள், காதில் விழுவது பெரும்பாலும் பிரெஞ்சு. தெற்கே முழுக்க பிரெஞ்சு. ரயில் பலகையில் மட்டும் கவனமாக இருங்கள்: நீங்கள் லியேஜ் போக வேண்டியவர் என்றால், கென்ட் நிலையத்தில் அந்தப் பெயர் இருக்காது, லௌக் என்றுதான் இருக்கும். மோன்ஸ் நகருக்கு அங்கே பெயர் பெர்கன்.