1890-களில் பாடகர்கள் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிப் பதிவு செய்தது ஏன்?

ஒலி பதிந்த மெழுகு உருளையை அச்சில் வார்த்துப் படியெடுக்க அப்போது வழியில்லை. 4¼ அங்குல நீள உருளை, அங்குலத்துக்கு 100 பள்ள வரி, ஓடுவது இரண்டு நிமிடம் சொச்சம். பாடகர் முன்னால் பல பதிவு இயந்திரங்களின் ஒலிவாங்கும் கூம்புகளை நெருக்கி வைப்பார்கள். ஒரு முறை பாடினால் இயந்திரத்துக்கு ஓர் உருளை, அவ்வளவுதான். ஓரத்துக் கூம்புகளில் குரல் மெலிந்தே பதியும். ஓர் உருளையிலிருந்து இன்னொன்றுக்கு நெம்புகோல் வழியாகப் படியெடுத்தும் பார்த்தார்கள். ஒவ்வொரு படிக்கும் மூலம் தேய்ந்தது, இரைச்சல் கூடியது. அதனால்தான் அமெரிக்கப் பாடகர் ஜார்ஜ் டபிள்யூ. ஜான்சன் போன்றவர்கள் அதே பாட்டை மறுபடி மறுபடி பாட நேர்ந்தது. எவ்வளவு கடுமையான தொண்டை உழைப்பு அது!

கிராமபோனைக் கண்டுபிடித்த எமில் பெர்லினரின் தட்டுதான் இந்த முட்டுக்கட்டையை நீக்கியது. மெல்லிய மெழுகுப் படலம் பூசிய துத்தநாகத் தகட்டில் ஊசி கீறிய கோட்டை மட்டும் குரோமிக் அமிலம் அரிக்கும். அதன்மேல் மின்முலாம் முறையில் உலோகத்தைப் படியவைத்துப் பிரித்தால் எதிரச்சு தயார். அதைக் கொண்டு வேண்டிய அளவு தட்டுகளை அழுத்தலாம். அமிலம் அரித்த பள்ளம் சொரசொரப்பானது, ஆகவே சீறல் ஒலி போகவில்லை. முதலில் பயன்படுத்திய கெட்டி ரப்பரில் சில இடங்கள் சரியாகப் பதியாமல் தட்டையாகிவிடும்; 1895 வாக்கில் அரக்குக் கலவைக்கு மாறியதும் அந்தக் குறை தீர்ந்தது. அச்சில் வார்த்த எடிசனின் உருளைகளோ சந்தைக்கு வந்தது 1902-இல்தான்.