தொழில்நுட்பம் படிக்காதவர்களுக்கு மறைகுறியாக்கத்தை, அதாவது உரியவர் மட்டுமே படிக்கக்கூடியவாறு செய்தியை மாற்றி அனுப்புவதை, எந்த உவமையால் விளக்குவீர்கள்?

கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமங்களில் மாதர் சங்கத்தினருக்குக் கைத்தொலைபேசிப் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லும்போது நான் எடுத்துக்கொள்வது ஆமைப்பூட்டை மட்டுமே. இரகசிய எழுத்து என்று தொடங்கினால், அதைப் படிக்கும் முறை மறுமுனையில் இருப்பவருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வியிலேயே விளக்கம் இடறிவிடும். 1976 இல் அமெரிக்க ஆய்வாளர்களான டிஃபியும் ஹெல்மனும் ஒரு வழியை வெளியிடும்வரை அறிஞர்களையே அலைக்கழித்த கேள்வி அது.

விசுவமடுவில் இருக்கும் தாய், கொழும்பில் வேலை செய்யும் மகளுக்குக் காணி உறுதியை பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மகள் திறப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, திறந்த ஆமைப்பூட்டு ஒன்றை மட்டும் முன்கூட்டியே அனுப்பிவிடுகிறார். தாய் உறுதியைத் தகரப்பெட்டியில் வைத்து, அந்தப் பூட்டை அமுக்கிப் பூட்டி, நடத்துனரிடம் கொடுக்கிறார். அதன்பின் நடத்துனரால் மட்டுமல்ல, பூட்டிய தாயாலும் பெட்டியைத் திறக்க முடியாது. பூட்டுவதற்குத் திறப்புத் தேவையில்லை என்ற இந்த இடத்தில்தான் கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 2016 ஏப்ரல் முதல் தனிப்பட்ட உரையாடல்களை எல்லாம் இவ்வாறு பூட்டி அனுப்பும் வட்ஸ்அப் நிறுவனம் நடத்துனரின் இடத்தில் நிற்கிறது: பெட்டி யாரிடமிருந்து யாருக்கு எப்போது போனது என்பது அதற்குத் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது.

ஒரு கூட்டத்தில் வயதான அம்மா ஒருவர், "அப்ப தம்பி, பஸ்காரன் மகளின்ர பூட்டை ஒளிச்சுப்போட்டுத் தன்ர பூட்டைத் தந்தால் எனக்கு என்னெண்டு தெரியும்?" என்று கேட்டார். மறைகுறியாக்கவியல் பாடநூல்களும் எச்சரிக்கும் ஆபத்து இதுதான். வட்ஸ்அப்பில் ஒவ்வொரு தொடர்புக்கும் 60 இலக்கப் பாதுகாப்பு எண் ஒன்று இருக்கிறது. நேரில் சந்திக்கும்போது இரு தொலைபேசிகளிலும் அதை ஒப்பிட்டு, ஒன்றாக இருந்தால் பூட்டு மகளுடையதே என்று உறுதிசெய்துகொள்ளலாம்.

உவமை பொருந்தாத இடத்தையும் சொல்லிவிடுவது நல்லது. இரும்புப் பூட்டை வாளால் அறுக்கலாம். இங்கே திறப்பு என்பது 256 பிட் நீளமான, அதாவது 0 அல்லது 1 என்ற 256 குறிகள் கொண்ட, ஓர் இரகசிய எண். அதை ஊகித்துக் கண்டுபிடிக்க முனைபவர், 78 இலக்கங்கள் கொண்ட எண்ணிக்கையிலான திறப்புகளுக்குள் தேட வேண்டும் என்பதால், உலகக் கணினிகள் எல்லாம் சேர்ந்தாலும் அது ஆகாத காரியம்.

ஆகவே களவெடுக்க நினைப்பவர் வழியில் பெட்டியோடு மல்லுக்கட்டுவதில்லை. பெட்டி திறக்கப்படும் வீட்டுக்கே வந்துவிடுகிறார். பரிசு விழுந்திருக்கிறது என்று அழைத்து, வட்ஸ்அப் கணக்கைத் திறப்பதற்காகக் குறுஞ்செய்தியில் வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்பது அந்த வகைதான். இதனால் பூட்டைப் பற்றிப் பேசி முடித்ததும், வட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலை எல்லோரையும் அங்கேயே திறந்து பார்க்கச் சொல்கிறேன். தாங்கள் அறியாத கணினி ஏதும் அதில் இருந்தால் உடனேயே நீக்கிவிடலாம்.